ஐயாயிரம் ரூபாய்க்கு எந்த கேம்?

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்ததும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததுமாக அவன் கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தது. வீட்டில் டிவியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 5 கன்சோலுக்கு ஒரு புதிய கேம் வாங்க வேண்டும் என்று என்னிடம் வந்தான். "4,999 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது மாமா. இவ்வளவு விலை வைக்கிறார்கள் என்றால் அதற்கேற்ற சரக்கு உள்ளே இருக்கும்தானே?"

பட்டுப் புடவை வாங்கும்போது நாம் இப்படி நினைப்பதில் தவறில்லை. சரிகை கூடினால் விலை கூடும். தூக்கிப் பார்த்தாலே எடை தெரியும். கேம்களிலும் அப்படித்தான் என்று நானும் நெடுநாள் நம்பினேன். ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் கேமை முழு விலை கொடுத்து முன்பதிவு செய்தேன். வெளியான அன்று இரவு, இரண்டு மணி நேரத்துக்குள் அது நான்கு முறை நின்றுபோனது. அக்கா மகன் கையில் இருந்தது எத்தனை மாதம் சேர்த்த பணம் என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே பதில் சொல்லாமல் ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொன்னேன். அந்த வாரத்தில் அவனோடு பேசியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

2025இல் வெளியான மூன்று கேம்களில் தொடங்கினோம். ஏப்ரல் 24 அன்று 'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' வந்தது. பிரான்சின் மோன்பெல்லியே நகரத்தில் இயங்கும் சேண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்ற புதிய நிறுவனத்தின் முதல் படைப்பு. விலை 50 டாலர். ஜூன் 5 அன்று நிண்டெண்டோ தன் ஸ்விட்ச் 2 கன்சோலோடு 'மரியோ கார்ட் வேர்ல்ட்' கேமை 80 டாலருக்கு வெளியிட்டது. செப்டம்பர் 4 அன்று, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 'ஹாலோ நைட்: சில்க்சாங்' கேமைக் கொடுத்தது. அதன் விலை 20 டாலர். அது விற்பனைக்கு வந்த நிமிடங்களில் கூட்டம் தாங்காமல், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் உட்பட இணையக் கடைகள் பலவும் திணறின.

விலைதான் தரம் என்றால் மரியோ கார்ட் முதலிலும் சில்க்சாங் கடைசியிலும் நின்றிருக்க வேண்டும். மரியோ கார்ட் நல்ல கேம்தான். குடும்பத்தோடு உட்கார்ந்து ஆட அதற்கு இணையானவை குறைவு. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற 'த கேம் அவார்ட்ஸ்' விருது 50 டாலர் கேமுக்குப் போனது. அதைச் செய்த நிறுவனத்தின் மையக் குழுவில் முப்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். அசைவூட்டம், சோதனை போன்ற வேலைகளில் வெளியாட்களும் உதவினார்கள். 20 டாலர் சில்க்சாங்கை விளையாடியவர்களில் பலர், தங்கள் வாழ்நாளில் ஆடிய மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2' கேமுக்கு 80 டாலர் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். சில வாரங்களில் விலை 70 டாலராக இறங்கியது. கேம் அதே கேம். வாங்குபவர் எவ்வளவு வரை தாங்குவார் என்று பார்த்து ஒட்டப்படும் சீட்டுதான் விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் இந்த விலை எங்கிருந்து வருகிறது? இதைப் பொறுமையாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் காலத்துக்குக் காலம் அது வேறு வேறு பொருளுக்கான விலையாக இருந்திருக்கிறது. 1990களின் முற்பாதியில் கேம்கள் கார்ட்ரிட்ஜில் வந்தன. அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்த நினைவகச் சில்லுக்கே பெரும் செலவு. கேம் பெரிதானால் பெரிய சில்லு வேண்டும். அதனால்தான் அன்றே அமெரிக்காவில் சில கேம்கள் 70, 80 டாலர் வரை விற்றன. பிறகு சோனியின் பிளேஸ்டேஷன் சிடியைப் பரவலாக்கியது. சிடி அச்சிட ஆகும் செலவு கார்ட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். 1997இல் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' மூன்று சிடிகளில் வந்தது. முந்தைய தலைமுறை கார்ட்ரிட்ஜ்களில் நினைத்தும் பார்க்க முடியாத அளவு அது. ஆனாலும் விலை 50 டாலர் அளவிலேயே நின்றது. கேம் பெரிதானது, விலை இறங்கியது.

2005இல் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் வந்தபோது 60 டாலர் வழக்கமானது. அது பதினைந்து ஆண்டுகள் அசையவில்லை. 2020இல் 70, 2025இல் சில கேம்களுக்கு 80. ஆத்திரப்படுவதற்கு முன் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும்: 1997இன் 50 டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 100 டாலர். அமெரிக்க வாங்குபவருக்கு கேம்கள் உண்மையில் மலிந்தே வந்திருக்கின்றன. நிறுவனங்கள் இதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை.

செலவும் எகிறியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவது தொடர்பாக 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், சோனி தாக்கல் செய்த ஆவணம் ஒன்றில் கறுப்பு மையால் மறைத்த எண்கள் சரியாக மறையாமல் வெளியே தெரிந்துவிட்டன. 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமுக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமுக்கு 21.2 கோடி டாலர், ஐந்து ஆண்டுகள், முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். அந்த முந்நூறு பேரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொரு தாளும் தனித்தனியே அசையும் புல்வெளியை யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கிறார். ஆனால் அந்தச் செலவு முதன்மையாகக் காட்சிக்கும், அளவுக்கும், நடிப்புக்கும் போகிறது. சண்டையில் ஓர் அடி விழும்போது கைக்கு வரும் நிறைவு, 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று நம்மை உட்கார வைக்கும் விதி அமைப்பு ஆகியவற்றுக்கு இவ்வளவு பணம் தேவைப்படுவதில்லை. அவற்றுக்கு நல்ல யோசனையும், திருத்தித் திருத்திப் பார்க்க நேரமும் வேண்டும்.

நம் ஊர் விலையையும் ஒரு தாளில் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். கன்சோலைச் செய்யாத வெளி நிறுவனம் ஒன்றின் கேம் இணையக் கடையில் வரியோடு 4,999 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி அதில் சுமார் 763 ரூபாய். மிஞ்சும் 4,236இல் கடைக்கு வழக்கமான 30 சதவீதம், அதாவது சுமார் 1,271. செய்தவர்கள் பக்கம் போவது மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. அதிலிருந்துதான் விளம்பரம், உரிமத் தொகை, சம்பளம் எல்லாம்.

அதிக விலையோடு வந்து விழுந்தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 2024 பிப்ரவரியில் யூபிசாஃப்ட்டின் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' 70 டாலருக்கு வந்தது. அதன் தலைவர் இவ் கில்லமோ, இது, பெரும் செலவில் எடுக்கும் மூன்று 'ஏ' கேம்களையும் மிஞ்சிய நான்கு 'ஏ' தரத்துக் கேம் என்று முதலீட்டாளர்களிடம் சொல்லி அந்த விலையை நியாயப்படுத்தினார். விமர்சகர்களும் ஆடியவர்களும் அவ்வாறு கருதவில்லை. அதே மாதம் வந்த 'சூசைட் ஸ்க்வாட்: கில் த ஜஸ்டிஸ் லீக்' கேமும் 70 டாலர்தான்; அதனால் வார்னர் பிரதர்ஸ் 20 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுத நேர்ந்தது.

மலிவாக இருந்தாலே நல்லது என்று புரிந்துகொண்டாலும் அதே தவறுதான். சோனி 2024இல் வெளியிட்டவற்றில் இரண்டு கேம்களுக்கு 40 டாலர். ஒன்று 'ஹெல்டைவர்ஸ் 2', பன்னிரண்டு வாரத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் பிரதிகள். மற்றொன்று 'கான்கார்ட்', ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஒரே ஆண்டு, ஒரே வெளியீட்டாளர், ஒரே விலை. சில்க்சாங்கின் 20 டாலர் விலைக்கும் ஒரு பின்னணி உண்டு: அதற்கு முந்தைய 'ஹாலோ நைட்' ஒன்றரைக் கோடி பிரதிகள் விற்றிருந்தது. அந்த வருமானம் இல்லாத ஒரு புதிய குழு அதே விலையில் ஏழு ஆண்டு உழைப்பை விற்றால் பட்டினிதான். ஆகவே 30 டாலர் கேட்கும் சிறு குழுவைப் பார்த்து "சில்க்சாங்கே இருபதுதானே" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவும் பேசிய பிறகுதான் அவன் முன்னால் உண்மையில் இருந்த வழிகளுக்கு வந்தோம்.

முதல் வழி, வெளியான நாளிலேயே முழு விலை. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணங்கள் இரண்டே. நண்பர்கள் எல்லோரும் அன்றிரவே ஆடத் தொடங்குகிறார்கள் என்றால், அந்தக் கூட்டமும் கேமின் ஒரு பகுதி. ஓராண்டு கழித்துப் போனால் திருவிழா முடிந்த திடல்தான் இருக்கும். இரண்டாவது, செய்தவர்கள் பிழைத்திருக்க வேண்டும் என்று நாம் மனதார விரும்பும்போது. மற்றபடி, முதல்நாள் விலை கொடுப்பவருக்கே பெரும்பாலும் குறையோடு உள்ள பொருள் கிடைக்கிறது. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று 60 டாலருக்கு வந்தது. அதன் நிலைமை பிளேஸ்டேஷன் 4இல் அவ்வளவு மோசமாக இருந்ததால், பத்து நாள் ஆகும் முன்பே சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதே கேம் 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு மிக நல்ல கேம். அதற்குள் பலமுறை பாதி விலைக்கு வந்துபோயிற்று. முதலில் வாங்கியவர் அதிகம் கொடுத்துக் குறைவாகப் பெற்றார்.

இங்கே கணினிக்கும் கன்சோலுக்கும் ஒரு வேறுபாடு முக்கியம். ஸ்டீமில் வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையில் பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே, கேமில் கோளாறு இல்லாதவரை, அந்த உரிமை போய்விடும். கணினியில் முழு விலை ஓரளவு துணிந்து கொடுக்கலாம். கன்சோலில் அது திரும்பி வராத பணம்.

இரண்டாம் வழி, காத்திருப்பது. ஒருவர் தனியே ஆடும் பெரிய கதைக் கேம்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. குறைகள் திருத்தப்பட்டிருக்கும், விலை இறங்கியிருக்கும், நான்கு பேர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். விதிவிலக்குகள் உண்டு. நிண்டெண்டோ தன் கேம்களின் விலையை எளிதில் குறைக்காது. செக் நாட்டு வூப் சாஃப்ட்வேரின் 'ஃபேக்டோரியோ' தள்ளுபடிக்கு வருவதே இல்லை. 2023இல் விலைவாசியைக் காரணம் காட்டி 30இலிருந்து 35 டாலராக ஏற்றினார்கள். அது அந்த விலைக்கு முற்றிலும் தகுதியான கேம். டிஸ்க் போடும் வசதியுள்ள கன்சோல் என்றால் பழைய டிஸ்க் என்ற இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். ஆடி முடித்ததை மறுபடி விற்கவும் முடியும். பதிவிறக்கிய கேமை யாருக்கும் விற்க முடியாது.

டிஸ்க் இருந்தாலும் இணைய இணைப்பு இல்லாமல் ஓடாத கேம்களில் கவனம் வேண்டும். 'த க்ரூ' என்ற கார் பந்தயக் கேமை இணையத்தில் இயக்கிவந்த சேவையகங்களை 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் மூடியது. டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

மூன்றாம் வழி, ஒரு பெரிய கேமின் பணத்தில் சில சிறிய கேம்கள். இங்கேதான் அவனுக்கும் எனக்கும் வாக்குவாதம். "சின்ன கேம் சீக்கிரம் முடிந்துவிடுமே மாமா, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ரூபாய் என்று பார்க்க வேண்டாமா?" என்றான். அந்தக் கணக்கிலும் சிறிய கேம்கள் தோற்பதில்லை. 5 டாலர் 'வேம்பயர் சர்வைவர்ஸ்' நூறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 2023இல் 'எல்டன் ரிங்', 'காட் ஆஃப் வார் ராக்னராக்' போன்ற பெரும் கேம்களோடு போட்டியிட்டு, பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதையும் அது வென்றது. 15 டாலர் 'ஸ்டார்டியூ வேலி' ஒரே மனிதர், எரிக் பரோன், செய்தது. நான்கு கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

ஆனால் மணிக்கணக்கு என்ற அளவுகோலையே நான் ஏற்கவில்லை. அதற்காக அவனிடம் 'வெண்பா'வைக் காட்டினேன். கனடாவின் டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் 15 டாலருக்கு வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்தின் தாய் வெண்பா; அவளுடைய அம்மாவின் கையெழுத்துச் சமையல் குறிப்பேடு பழசாகி எழுத்து அழிந்திருக்கிறது; அதை வைத்துக்கொண்டு வெண்பா சமைக்க வேண்டும், விடுபட்டதை நாம் ஊகிக்க வேண்டும். முழுதும் முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். ரூபாய்க்கு நிமிடம் என்று வகுத்தால் மிக விலை உயர்ந்த கேம் அதுதான். அதற்கு பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதும், சிறு குழுக்களின் கேம்களுக்கான 2024 ஐஜிஎஃப் விழாவின் பெரும் பரிசும் கிடைத்தன. மகன் கவின் தமிழில் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நான் சிறிது நேரம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். எண்பது மணி நேரம் ஓடும் கேம்களில் கடைசி முப்பது மணி நேரம் வரைபடத்தில் புள்ளிகளைத் துடைக்கும் வேலையாக இருப்பதை அவனும் அறிவான். அந்த முப்பது மணி நேரத்தை லாபம் என்று எழுதுவது என்ன கணக்கு?

நான்காவது, மாதச் சந்தா: மாதாமாதம் கட்டணம் கட்டி, தொகுப்பில் உள்ள கேம்களை ஆடுவது. மாதம் மூன்று நான்கு கேம்களைத் தொட்டுப் பார்ப்பவருக்கு இது லாபம். தேர்வு வந்தால் ஒரு மாதம் கன்சோலைத் தொடாத மாணவனுக்கு வீண். கட்டணமும் நிலையில்லை: அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் என்ற சந்தா 2025 அக்டோபரில் 20 டாலரிலிருந்து ஒரே தாவலில் 30 டாலரானது. காசு கொடுத்து வாங்கிய கேமைப் பிளேஸ்டேஷனில் மற்றவர்களோடு இணையத்தில் ஆடவும் தனிச் சந்தா வேண்டும் என்பதைப் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள்.

ஐந்தாவது, இலவசக் கேம்கள். நுழைவுக்குக் காசில்லை, உடைக்கும், துப்பாக்கியின் வண்ணத்துக்கும், மாதாந்தரப் பாஸுக்கும் காசு. அவற்றிலும் அருமையானவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐம்பதும் நூறுமாகப் போகும் பணம் கண்ணில் படாது. முழு விலைக் கேம்களிலும் இது நுழைந்துவிட்டது. 2017இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' 60 டாலர் வாங்கிக்கொண்ட பிறகும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை வைத்தது. எதிர்ப்பு வெடித்ததும் வெளியீட்டுக்குச் சற்று முன் அந்த விற்பனையை, கேமை வெளியிட்ட இ.ஏ. நிறுவனம் நிறுத்திவைத்தது. மறு ஆண்டு பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. 4,999 கொடுத்து உள்ளே போன பிறகு மறுபடி கை நீட்டுகிறதா என்பதை, படங்களைப் பார்ப்பதற்கு முன் பார்த்துவிடு என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

என் தீர்ப்பு அவன் நிலையை வைத்துத்தான். அவன் தனியே ஆடுபவன், டிஸ்க் கன்சோல் வைத்திருப்பவன், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் இவ்வளவு பணம் கையில் வரும். அவனுக்கு 4,999 ரூபாய்ப் புதுக் கேம் கூடாது. அதே பணத்தில், 2022இல் 4,999க்கு வந்த 'காட் ஆஃப் வார் ராக்னராக்' டிஸ்க்கைப் பழையதாக வாங்கலாம். சில்க்சாங்கையும் வெண்பாவையும் புதிதாக, முழு விலை கொடுத்தே வாங்கலாம். சிறு குழுக்களின் கேம்களைத் தள்ளுபடிக்காகக் காத்திருந்து வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். அந்தக் குழுக்களுக்கு அந்த வித்தியாசம் அடுத்த மாத வாடகை.

டிஸ்க்கையும் வெண்பாவையும் வாங்கினான். சில்க்சாங்கைப் பார்த்து, கடினமாக இருக்கும் போலிருக்கிறது, செமஸ்டர் முடியட்டும் என்றான். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவன் வெண்பாவின் முதல் சமையலில் இட்லித் தட்டுகளை அடுக்கத் தெரியாமல் மூன்றாம் முறையாகத் தோற்றுக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து வந்த அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "தட்டை மாற்றித் திருப்பி வைடா, ஆவி மேலே போக வேண்டாமா?" என்றாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.